துப்பாக்கியைத் தொடாமலும் அந்த ஊர்களில் ஓட்டலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீடியோ கேம்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை நிதானமாகப் படித்தேன். 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' வரிசையில் கொலையும் கொள்ளையும் நிறைந்திருப்பதாகக் கட்டுரையாளர் கவலைப்பட்டிருக்கிறார். அந்தக் கவலை நியாயமானது. ஐரோப்பாவில் அவற்றை 18 வயது முத்திரையோடுதான் விற்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கிற சொந்தக்காரர்களை நானே கண்டித்திருக்கிறேன். ஆனால் சுடுவதும் அடிப்பதும்தான் ஆட்களை அங்கே இழுக்கிறது என்று கட்டுரை முடிவு கட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக இந்த வகை விளையாட்டுகளை ஆடுகிறவன் நான். ஒரு நகரம் இருக்கிறது, கையில் ஒரு வண்டி இருக்கிறது, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். பெரும்பாலானவர்களைப் பிடித்து வைத்திருப்பது இதுதான். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பதால் இந்தக் கடிதம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மீதி விளங்கும். நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். அப்பா லாரி டிரைவர், சித்தப்பா டிரைவர், தாய்மாமா பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். எங்கள் தெருவில் மீசை அரும்பும்போதே பையன்கள் கிளீனராக ஏறிவிடுவார்கள். எனக்கு அந்த வயதில் வலிப்பு வந்தது. லைசென்ஸ் விண்ணப்பத்தோடு எழுதிக் கொடுக்கும் உடல்நல உறுதிமொழியில் வலிப்பு உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. மறைத்து எழுதி வாங்கிவிடுகிறவர்களும் உண்டு. எனக்கு அந்த யோசனை சொன்னவர்களும் உண்டு. அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ரோட்டுல எதுக்க வர்றவன் என்ன பாவம் பண்ணுனான் சாமி?" அந்தப் பேச்சு அதோடு நின்றது. எங்கள் வண்டிகள் குவாஹாட்டி வரை லோடு ஏற்றிப் போகின்றன. எந்த டோலில் எவ்வளவு, எந்த மலைப்பாதையில் மழைக்கு மண் சரியும், எந்தச் செக்போஸ்ட்டில் இரவில் காக்க வைப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் ஒரு மொபெட்டைக்கூட நான் ரோட்டில் ஓட்டியதில்லை.

வலிப்பு உள்ளவன் இப்படித் திரையைப் பார்க்கலாமா என்று வாசகர்களுக்குத் தோன்றும். மின்னி அணையும் வெளிச்சத்தால் வலிப்பு தூண்டப்படுவது சிலருக்கு மட்டும்தான். எனக்கு அந்த வகை இல்லை என்று மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்ன பிறகே ஆடத் தொடங்கினேன். இந்த நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ வரிசையைச் சேர்ந்த 'வைஸ் சிட்டி' கம்ப்யூட்டருக்கு வந்தது 2003-இல். அப்போது நான் சேலத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஆடுவோம். 1986-ஆம் வருடத்து மியாமியை மனதில் வைத்துச் செய்த ஊர் அது. கடற்கரையை ஒட்டி வெளிர் நிறத்தில் ஹோட்டல்கள், நியான் விளக்கு எழுத்துகள், வரிசையாகப் பனை மரங்கள். இரண்டு பெரிய தீவுகள். தொடக்கத்தில் புயல் எச்சரிக்கை என்று சொல்லிப் பாலங்களை மூடி வைத்திருப்பார்கள், அதனால் முதலில் கிழக்குத் தீவுக்குள்ளேயே சுற்ற வேண்டும். என்னோடு வந்த பையன்கள் சீட் கோடு என்கிற குறுக்குவழி ரகசியச் சொல்லை அடித்து டாங்கியை வரவழைத்து ஊரைத் துவம்சம் செய்வார்கள். சத்தமும் சிரிப்புமாகக் கொஞ்ச நேரம் அது ஓடும். அப்புறம் பார்த்தால் அவர்களே ஒரு காரை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள ரேடியோவைப் போட்டுக்கொண்டு, கடற்கரை ரோட்டில் சும்மா போய்க்கொண்டிருப்பார்கள். சுடுவதற்கு ஆள் இல்லாமல் போனதால் இல்லை. அவர்களுக்குப் பிடித்தது அதுதான். கட்டுரையாளர் ஒரு பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம் பின்னால் நின்று பார்த்திருந்தால் அவருக்கும் இது தெரிந்திருக்கும்.

எனக்கு டாக்ஸி. அந்த ஊரில் எந்த டாக்ஸியில் ஏறியும் ஒரு பட்டனை அழுத்தினால் சவாரி வரும். ஆளை ஏற்றி நேரத்துக்குள் இறக்கிவிட்டால் காசு. கதையை அப்படியே விட்டுவிட்டு நான் சவாரி ஓட்டினேன். ஓட்ட ஓட்ட ஊர் மண்டையில் ஏறியது. எந்தச் சந்தில் புகுந்தால் எந்த ரோட்டுக்கு வெளியே வரலாம், மழை பெய்தால் எந்த வளைவில் வண்டி வழுக்கும், ஆஸ்பத்திரிக்குப் பின்வழி எது என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. மூலையில் இருக்கும் வரைபடத்தைப் பார்க்காமலேயே விமான நிலையம் போய்ச் சேர்ந்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சொந்தக் கையால் வண்டி ஓட்டி ஒரு ஊரைப் பழகும் பாக்கியம் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் கிடைத்திருந்தது. எனக்கு அது கிடைத்த முதல் ஊர் வைஸ் சிட்டி.

அதே சமயத்தில் வந்த 'மாஃபியா'வைப் பற்றி நம் பக்கம் அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 2002-இல் செக் குடியரசின் பிர்னோ நகரத்துக்காரர்கள் செய்தது. 1930-களின் அமெரிக்க நகரம் ஒன்று, பெயர் லாஸ்ட் ஹெவன். கதாநாயகன் தொடக்கத்தில் டாக்ஸி டிரைவர். கார்களும் அந்தக் காலத்துக் கார்கள்தான்: மேட்டில் திணறும், பிரேக் போட்டதும் நிற்காது. நகரத்துக்குள் மணிக்கு 40 மைலைத் தாண்டினாலோ சிவப்பு விளக்கில் நிற்காமல் போனாலோ போலீஸ் பிடித்து அபராதம் போடும். பெட்ரோல் தீரும், பங்கில் நிறுத்திப் போட வேண்டும். நடு ரோட்டில் டிராம் வரும். வேகம் எல்லைக்கு மேல் போகாமல் பிடித்து வைக்க ஒரு பட்டன்கூடக் கொடுத்திருந்தார்கள். கதை என்னவோ ரவுடிக் கும்பல் கதைதான், ரத்தம் உண்டு, அதுவும் பெரியவர்களுக்கானது. ஆனால் சண்டை நடக்கும் இடத்துக்கு நகரத்தின் குறுக்கே நாமே ஓட்டிக்கொண்டு போய்ச் சேர வேண்டும், ஒவ்வொரு சிக்னலிலும் நின்று. அவசரக்காரர்கள் இதைக் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அந்த விளையாட்டின் உயிரே அங்கேதான் இருந்தது. சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரரைப் பார்ப்பது, தலைக்கு மேலே தூண்களில் ஓடும் ரயிலைக் கேட்பது, பச்சை விழுந்ததும் முதல் கியர் போடுவது, பாலத்தின் மேட்டில் இஞ்சின் இழுக்கிறதா என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பது. தினமும் செய்கிற டிரைவருக்கு இவையெல்லாம் அலுப்பாக இருக்கலாம். செய்து பார்க்க எனக்கு வேறு இடம் கிடையாது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. 'டிரைவர்' வரிசையில் 2011-இல் வந்த 'டிரைவர்: சான் பிரான்சிஸ்கோ'. அந்த வரிசையைச் செய்தது இங்கிலாந்தின் நியூகாசில் பக்கத்து ரிஃப்ளெக்‌ஷன்ஸ் நிறுவனம். 1999-இல் வந்த முதல் பாகத்தில் எடுத்த எடுப்பிலேயே ஒரு கார் நிறுத்துமிடத்தில் ஓட்டும் பரீட்சை வைத்தார்கள், அதைத் தாண்ட முடியாமல் விட்டவர்கள் ஏராளம். 2011-இல் வந்ததில் வேறு வித்தை. கதாநாயகன் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடக்கிறான். அவன் மனதுக்குள் ஓடும் நகரத்தில்தான் நாம் ஓட்டுகிறோம். ஒரு பட்டனை அழுத்தினால் வண்டியை விட்டு மேலே எழும்பி நகரத்தைப் பறந்து பார்க்கலாம்; கீழே போகிற எந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தாலும் அதன் டிரைவராக இறங்கிவிடலாம். கார், பிக்கப், லாரி எதுவானாலும் சரி. பக்கத்து சீட்டில் இருப்பவர் பாதிப் பேச்சில் இருப்பார், நடுவில் நாம் போய் உட்கார்ந்திருப்போம். என் வலிப்பில் கனவு எதுவும் வராது, வெறும் இருட்டுதான். எழுந்த பிறகு கொஞ்ச நேரம் யார் வீட்டில் இருக்கிறோம் என்றே தெரியாது. அப்படிப்பட்டவனுக்கு, படுக்கையில் கிடக்கும் ஒருவன் ஊரிலுள்ள எல்லா வண்டியையும் ஓட்டுகிறான் என்ற கதை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதை யோசித்தவர்களுக்கு நான் இன்றுவரை நன்றி சொல்கிறேன்.

அந்த விளையாட்டை ஒரு மதியம் ஆபீஸ் லேப்டாப்பில் ஓட்டிக்கொண்டிருந்தபோது, லோடு வராமல் உட்கார்ந்திருந்த மூத்த டிரைவர் ஒருவர் பின்னால் வந்து நின்றார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வருடக்கணக்கில் ஏறி இறங்கியவர். சான் பிரான்சிஸ்கோ மேடும் பள்ளமுமான ஊர். அங்கே ஃபில்பர்ட் தெருவின் ஒரு பகுதி 31.5 சதவீத ஏற்றம். திரையில் அப்படியொரு தெருவில் நான் தலைகுப்புற இறங்குவதைப் பார்த்துவிட்டு அவர் பதறிப்போய், "தம்பி, எறக்கத்துல பிரேக்கையே நம்பாதீங்க, கியர்ல புடிங்க" என்றார். அப்புறம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வளைவுக்கு முன்னால் எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும், எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பில்லைப் பற்றியும் பேட்டாவைப் பற்றியும் மட்டுமே என்னிடம் பேசியவர். ஒரு டிரைவரிடம் பேசுவதுபோல என்னிடம் ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவை.

இந்த ஊர்களை எப்படிக் கட்டுகிறார்கள் என்று படிக்கத் தொடங்கிய பிறகு மதிப்பு இன்னும் கூடியது. டி.வி.யில் மாட்டி ஆடும் பிளேஸ்டேஷன் 2 என்ற விளையாட்டுப் பெட்டியின் நினைவகம் வெறும் 32 மெகாபைட். வைஸ் சிட்டி முழுவதும் அதற்குள் அடங்காது. அதனால் நாம் போகிற திசையிலுள்ள தெருக்களை மட்டும் அந்த விளையாட்டு டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும், பின்னால் விட்டுவந்த தெருக்களைக் கலைத்துவிடும். வண்டிகளுக்கும் அதே கதைதான். அபூர்வமான ஒரு காரைத் தேடிப் பிடித்து ஓட்டினால் ஊரெல்லாம் அதே கார் வரத் தொடங்கும். பிரவுசிங் சென்டரில் இதைப் பெரிய மர்மமாகப் பேசிக்கொள்வோம். விஷயம் இதுதான்: அந்தக் காரின் உருவம் ஏற்கெனவே நினைவகத்தில் ஏறிவிட்டது, ஆகவே போக்குவரத்துக்கும் அதையே பயன்படுத்திக்கொள்கிறது. இன்னும் பின்னால் போனால், 1986-இலேயே 'டர்போ எஸ்பிரிட்' என்று ஒன்று வந்திருக்கிறது. இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் என்ற சின்னக் கம்ப்யூட்டரில், 48 கிலோபைட்டுக்குள், தெருக்களும் டிராஃபிக் சிக்னலும் நடந்து போகும் ஆட்களும் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பும் கார்களும் கொண்ட நகரங்களைக் கொடுத்தார்கள். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படமே அதைவிடப் பெரிது. சினிமாவில் செட் போட்டவரைப் பாராட்டி நம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. எந்தக் கோணத்திலிருந்தும் யாரும் வந்து பார்க்கலாம் என்று தெரிந்தே ஒரு நகரத்தைக் கட்டியவர்களைப் பற்றியும் எழுதலாம்.

பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுகிற கட்டுரையில் பிள்ளைகள் உண்மையில் எதை ஆடுகிறார்கள் என்பதும் வந்திருக்க வேண்டும். என் அக்கா பையனும் அவன் கூட்டாளிகளும் போனில் ஓட்டுவது 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா'. 2017-இல் இந்தோனேசியாவின் மலேயோ என்ற நிறுவனம் வெளியிட்டது. ஊர்கள் இந்தோனேசிய ஊர்கள், அங்கேயும் நம்மைப் போல ரோட்டின் இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள். பஸ்ஸுக்கு நாமே பெயின்ட் அடித்துக்கொள்ளலாம், தெரிந்தவர்கள் புதிதாக ஒரு பஸ்ஸையே செய்து உள்ளே இறக்கலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பையன்களும் கேரளத்துப் பையன்களும் அதற்குள் நம் அரசு பஸ்களையும் தனியார் பஸ்களையும் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். என் அக்கா பையன் ராத்திரி எல்லாம் உட்கார்ந்து முன் கண்ணாடிக்கு மேல் 'நாமக்கல் - ராசிபுரம் - சேலம்' என்று போர்டு எழுதுகிறான். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தால் அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறான். "மாமா, ஏர் ஹாரன் சத்தம் கேளுங்க, நம்மூரு சத்தமே வெச்சுட்டேன்" என்று காதில் கொண்டுவந்து வைக்கிறான். அந்த விளையாட்டில் துப்பாக்கி கிடையாது. நேரத்துக்குப் புறப்பட்டு, ஆட்களை ஏற்றி, அடுத்த ஸ்டாண்டில் இறக்குவதுதான் வேலை. அதற்கு இத்தனை பையன்கள் கூடுகிறார்கள் என்பதைவிட என் பக்கத்துக்கு வேறு சாட்சி தேவையில்லை.

என் உண்மையான கவலை வேறு. 2014-இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட 'தி க்ரூ'வில் அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாகக் கொடுத்திருந்தார்கள். நியூயார்க்கில் ஏறி, இடையில் எங்கும் திரை மாறாமல், லாஸ் ஏஞ்சலஸ் வரை ஓட்டிக்கொண்டே போகலாம். தனியாக ஆடினாலும் நிறுவனத்தின் சர்வரோடு, அதாவது அவர்களுடைய மையக் கம்ப்யூட்டரோடு, இணையம் வழியாக இணைந்திருந்தால்தான் அது ஓடும். 2024 மார்ச் 31-ஆம் தேதி அந்த சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களும் அதற்குப் பிறகு அந்த ரோடுகளில் ஒரு அடி நகர முடியவில்லை. நான் அதை வாங்கியவன் இல்லை. ஆனால் வாங்கியவர்களில் என்னைப் போல ஓட்ட முடியாதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இதை எதிர்த்து ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். விற்ற விளையாட்டை நிறுத்துவதென்றால், வாங்கியவர்கள் சர்வர் இல்லாமலும் ஆடுகிற மாதிரி விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் கேட்டு நடந்த கையெழுத்து இயக்கத்தில் 2025 ஜூலைக்குள் 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். யூபிசாஃப்டும் அந்த வரிசையின் அடுத்த பாகங்களுக்கு இணையம் இல்லாமல் ஓட்டும் வசதி தருவதாக அறிவித்தது. முதல் பாகத்துக்கு அந்த வசதியை அவர்கள் தரவில்லை.

சர்வர் நின்றால் மட்டும்தான் ஊர் மறையும் என்றில்லை. கார் கம்பெனிகளோடும் பாட்டுக் கம்பெனிகளோடும் போட்ட ஒப்பந்தம் முடிந்தாலும் விற்பனையை நிறுத்திவிடுகிறார்கள். எடின்பரோ நகரத்தை வைத்திருந்த 'ஃபோர்ஸா ஹொரைசன் 4' 2024 டிசம்பரில் அப்படித்தான் விற்பனையிலிருந்து போனது. நான் மேலே சொன்ன சான் பிரான்சிஸ்கோவும் இணையக் கடைகளில் இப்போது கிடைப்பதில்லை. பழைய படங்களின் பிலிம் சுருள்கள் அழிந்துபோனதைப் பற்றி உங்கள் பத்திரிகை அக்கறையோடு எழுதியதைப் படித்திருக்கிறேன். இதற்கும் அந்த அக்கறை வேண்டும்.

ஆகவே ஆசிரியரிடம் இரண்டு கோரிக்கைகள். எந்த விளையாட்டு எந்த வயதுக்கு, எதில் சண்டை இருக்கிறது, எதில் வெறும் ஓட்டம் மட்டும் இருக்கிறது என்று பெற்றோர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் போடுங்கள். எங்கள் தெருவில் அதை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். அடுத்தது, ஐரோப்பாவில் நடந்த அந்தக் கையெழுத்து விவகாரத்தைச் செய்தியாக எழுதுங்கள். நம் பிள்ளைகளும் இதே கடைகளில்தான் காசு கட்டி வாங்குகிறார்கள். எழுதப் போகிறவர் யாராக இருந்தாலும், முதலில் 'மாஃபியா'வில் கதையை விட்டுவிட்டு 'ஃப்ரீ ரைடு' பகுதியைத் திறந்து ஒரு மாலைப் பொழுது ஓட்டிப் பார்க்கட்டும். போலீஸ் நிறுத்தினால் அபராதத்தைக் கட்டிவிட்டு மேற்கொண்டு போகட்டும்.

இப்படிக்கு,
லாரி புக்கிங் ஆபீஸ் கணக்கர்,
நாமக்கல்.